அமெரிக்காவுக்கு அப்பா அம்மாவை அழைக்க எவ்வளவு வருமானம் காட்ட வேண்டும்? சேலத்துக் குடும்பங்களுக்கு ஓர் எளிய விளக்கம்

வெளிநாடு என்றதும் சேலத்தில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது 'பணம் காட்டுவது'தான். பிள்ளையை மேல்படிப்புக்கு அனுப்பும்போது அப்பா பெயரில் உள்ள வைப்புத்தொகை, வீட்டின் மதிப்பு, ஆடிட்டர் கையெழுத்திட்ட சொத்துச் சான்று எல்லாவற்றையும் ஒரு கோப்பாகக் கட்டிக் கொடுத்த பழக்கம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து ஆத்தூர் வரை ஏகப்பட்ட குடும்பங்களுக்கு உண்டு. அந்தப் பிள்ளை பல வருடம் கழித்து அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, "அப்பா, நீங்களும் அம்மாவும் இங்கேயே வந்துருங்க" என்று கூப்பிடும்போதும் பெற்றோர் பீரோவைத் திறந்து அதே கோப்பைத்தான் தேடுகிறார்கள்.

இந்த முறை கணக்கு தலைகீழ். மாணவர் விசாவில் போகிறவர் பக்கத்துப் பணத்தைப் பார்த்தார்கள். குடும்ப வழிக் குடியேற்றத்தில் அழைக்கிறவர் பக்கத்து வருமானத்தைப் பார்ப்பார்கள். அப்பாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் இரண்டு மண்டிக் கடை இருந்தாலும் சரி, ஏற்காட்டில் பத்து ஏக்கர் காபித் தோட்டம் இருந்தாலும் சரி, முதல் கேள்வி மகனிடம்தான்: உன் சம்பளம் எவ்வளவு, உன்னை நம்பி வீட்டில் எத்தனை பேர்? அப்பாவின் சொத்துக்கும் இதில் ஓர் இடம் உண்டு. அது இரண்டாவதாக, மகனின் வருமானம் போதாதபோது வரும்.

இதற்கான படிவத்தின் எண் ஐ-864. ஆதரவு உறுதிமொழி என்று சொல்லலாம். ஆனால் பெயரில் தெரிவதைவிடக் கனமான காகிதம் இது. 1996இல் அமெரிக்கா கொண்டுவந்த குடியேற்றச் சட்டத் திருத்தத்தால், 1997 டிசம்பர் 19 முதல் இது நீதிமன்றத்தில் செல்லக்கூடிய ஒப்பந்தம். அழைத்து வந்தவர் அரசின் ஏழைகளுக்கான உதவியை நம்பி வாழ வேண்டிய நிலை வரக்கூடாது, வந்தால் அந்தச் செலவைக் கையெழுத்துப் போட்டவரிடம் கேட்டு வாங்கலாம் என்பதுதான் இதன் அடிப்படை. வருமானச் சான்று, வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு என்று கேட்பதெல்லாம் அந்த வாக்கைக் காப்பாற்ற உங்களால் முடியுமா என்று பார்க்கத்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் விதிகள் பலவும் தாமாகவே புரியும்.

யார் யாரை அழைக்கலாம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெற்றோரை அழைக்க வேண்டுமென்றால் பிள்ளை அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவரால் முடியாது. கிரீன் கார்டு (நிரந்தரமாக வசிக்கும் உரிமை அட்டை) மட்டும் வைத்திருப்பவரும் அப்பா அம்மாவை அழைக்க முடியாது. அவர் கணவன் அல்லது மனைவியையும், திருமணமாகாத பிள்ளைகளையும் அழைக்கலாம். குடிமகன் தன் அண்ணன் தம்பி, அக்கா தங்கையையும் அழைக்கலாம். ஆனால் இந்தியர்களுக்கு அந்த வரிசை ஏறத்தாழ இருபது ஆண்டு நீளம். எந்த உறவாக இருந்தாலும் முதலில் ஐ-130 என்ற மனு. அது ஏற்கப்பட்ட பிறகுதான் வருமானக் காகிதங்களின் வேளை வரும். சுற்றுலா விசாவில் வந்து போகிற பெற்றோருக்கு இந்த ஐ-864 தேவையே இல்லை. அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எவ்வளவு வருமானம் என்றால் போதும்?

அமெரிக்க அரசு ஒவ்வொரு ஆண்டும் தொடக்கத்தில் வறுமை வரம்பு என்று ஒரு பட்டியல் வெளியிடும். இத்தனை பேர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு இவ்வளவு வருமானத்துக்குக் கீழே போனால் அது ஏழைக் குடும்பம் என்று அதில் இருக்கும். அழைக்கிறவர் அந்தத் தொகையில் 125 சதவீதம் சம்பாதிக்க வேண்டும். அமெரிக்க ராணுவத்தில் பணியில் இருப்பவர் மனைவியையோ பிள்ளையையோ அழைத்தால் மட்டும் 100 சதவீதம் போதும்.

2025ஆம் ஆண்டுப் பட்டியல்படி இந்த 125 சதவீதம், வீட்டில் இரண்டு பேர் என்றால் 26,437 டாலர். மூன்று பேருக்கு 33,312. நான்கு பேருக்கு 40,187. அதற்கு மேல் ஒவ்வொரு தலைக்கும் 6,875 டாலர் கூட்டிக்கொள்ளலாம். அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் தனிப் பட்டியல், அங்கே தொகை அதிகம். தொகை வருடா வருடம் மாறும் என்பதால், படிவம் போடும் ஆண்டின் பட்டியலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது ஐ-864பி (I-864P) என்ற தாளாக அமெரிக்கக் குடியேற்றத் துறையின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும்.

பலரும் தடுமாறுவது தலை எண்ணுவதில்தான். கொண்டலாம்பட்டியில் பட்டுத்தறி வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மகன் டெக்சாஸில் மென்பொருள் வேலை, அமெரிக்கக் குடிமகன். மருமகள் வேலைக்குப் போகவில்லை. அங்கேயே பிறந்த இரண்டு குழந்தைகள். அப்பா அம்மா இருவரையும் அழைக்கிறார். "ரெண்டு பேரைத்தானே கூப்பிடறோம், ரெண்டு பேருக்கான தொகை போதும்ல?" என்று கேட்பார்கள். போதாது. மகன், மனைவி, இரண்டு குழந்தைகள், அப்பா, அம்மா ஆக 6 பேர். குழந்தைகள் அமெரிக்கக் குடிமக்கள் என்பதால் கணக்கிலிருந்து விழுந்துவிட மாட்டார்கள். 6 பேருக்கு 2025 வரம்பு 53,937 டாலர். மென்பொருள் வேலையில் இருப்பவருக்கு இது பெரிய தொகையாக இருக்காது. கடையிலோ உணவகத்திலோ வேலை பார்ப்பவருக்கு இது பெரிய மலை.

இன்னும் இரண்டு வகையினர் எண்ணிக்கையில் வருவார்கள். வரிக் கணக்கில் 'என்னைச் சார்ந்தவர்' என்று காட்டியிருக்கும் எவரும் ஒரு தலை. அடுத்தது, முன்பு யாருக்காவது ஐ-864 கையெழுத்துப் போட்டு, அந்தப் பொறுப்பு இன்னும் முடியாமல் இருந்தால் அவரும் ஒரு தலை. ஆறு வருடம் முன்பு மாமியாருக்குக் கூட்டுப் பொறுப்பாளராக, அதாவது மனுப் போட்டவரோடு சேர்ந்து பொறுப்பேற்கும் இன்னொருவராகக் கையெழுத்துப் போட்டதை மறந்துவிட்டு இப்போது அம்மாவுக்குப் படிவம் போடுகிறவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

அப்பா அம்மா விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். இருவருக்கும் தனித்தனி ஐ-130, தனித்தனி ஐ-864. ஒரே மனுவில் இருவரையும் சேர்க்க முடியாது. ஆனாலும் இருவரும் சேர்ந்து வரப்போகிறார்கள் என்றால், இருவரையும் எண்ணி 6 என்றே கணக்குப் போட்டுத் தயாராக இருப்பதுதான் பாதுகாப்பு.

எது வருமானம், எது இல்லை

அதிகாரி முதலில் பார்ப்பது சமீபத்திய ஆண்டின் அமெரிக்க வருமானவரிக் கணக்கு. 1040 என்ற படிவத்தில் 'மொத்த வருமானம்' என்று ஒரு வரி இருக்கும், அந்தத் தொகைதான் பேசும். ஓர் ஆண்டின் கணக்கு கட்டாயம். மூன்று ஆண்டுக்கும் கொடுக்கலாம், வருமானம் நிலையாக இருக்கிறது என்று காட்ட அது உதவும். வரித்துறையிடமிருந்தே கணக்கின் சுருக்க நகலை இலவசமாகப் பெறலாம். வீட்டில் அச்சடித்த 1040ஐவிட நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். தாக்கல் செய்தது இதுதான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

வரிக் கணக்கு போன வருடத்துக் கதை. அதிகாரிக்கு இன்றைய நிலைமையும் வேண்டும். போன வருடம் குறைவாகச் சம்பாதித்து, இந்த வருடம் நல்ல வேலை கிடைத்திருந்தால் வேலை தரும் நிறுவனத்தின் கடிதம், சமீபத்திய ஆறு மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றை இணைத்து, இப்போதைய ஆண்டு வருமானம் இவ்வளவு என்று எழுதலாம். இது எதிர்ப்பக்கமும் வெட்டும். போன வருடம் ஒரு லட்சம் டாலர் கணக்குக் காட்டியவர் இன்று வேலை இல்லாமல் இருந்தால், பழைய கணக்கு மட்டும் அவரைக் காப்பாற்றாது.

சொந்தத் தொழில் செய்பவர்கள் கொஞ்சம் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். மோட்டல், பெட்ரோல் பங்க், சிறு உணவகம் நடத்துபவர்களின் கல்லாவில் புரளும் பணம் இங்கே எடுபடாது. செலவு, தேய்மானம் எல்லாம் கழித்து வரிக் கணக்கில் நிற்கும் லாபம்தான் வருமானம். சட்டப்படி கழிக்க வேண்டியதைக் கழிப்பதில் தவறே இல்லை. ஆனால் அப்படிக் கழித்துக் கழித்து 18,000 டாலரில் நிற்பவர், பெரிய கடை நடத்துபவராக இருந்தும் ஐ-864இல் 18,000 டாலர்காரர்தான். பெற்றோரை அழைக்கும் எண்ணம் இருந்தால் அதற்கு முந்தைய வருடமே வரி ஆலோசகரிடம் சொல்லிவிடுவது நல்லது.

சேலத்திலிருந்து வரும் வாடகை? மகன் பெயரில் அஸ்தம்பட்டியில் ஒரு கடை இருந்து, அதன் வாடகையை அமெரிக்க வரிக் கணக்கில் காட்டியிருந்தால் அது கணக்கில் வரும். அமெரிக்கக் குடிமகன் உலகில் எங்கே சம்பாதித்தாலும் அங்கே காட்டியாக வேண்டும் என்பதால், காட்டாத வாடகையை ஐ-864இல் திடீரென்று எழுதினால் வேறு கேள்விகள் வரும். அரசு ஏழைகளுக்குத் தரும் உணவு உதவி, உதவித்தொகை போன்றவற்றை வருமானமாகக் காட்டவே முடியாது.

வருகிறவரின் சம்பளம்? உருக்காலையிலோ வங்கியிலோ இங்கே வாங்கும் சம்பளம் விமானம் ஏறியதும் நின்றுவிடும், அதனால் எண்ணப்படாது. அழைக்கிறவரோடு ஒரே வீட்டில் வசிப்பவராக இருந்து, கிரீன் கார்டு கிடைத்த பின்னும் அதே இடத்திலிருந்து தொடரும் சட்டப்பூர்வமான வருமானம் என்றால்தான் எண்ணலாம். கணவன் அல்லது மனைவிக்கு மட்டும் ஒரே வீட்டு நிபந்தனை இல்லை.

குறைந்தால் என்ன செய்வது?

இன்னொரு குடும்பம். சூரமங்கலத்து அம்மா ஒருவர், கணவர் இல்லை. மகள் நியூஜெர்சியில், குடிமகள், தனியாக ஒரு குழந்தையை வளர்க்கிறார். மளிகைக் கடை வேலை, ஆண்டுக்கு 30,000 டாலர். மகள், குழந்தை, அம்மா ஆக மூன்று பேர், 2025 வரம்பு 33,312. குறைவது 3,312 டாலர்.

முதல் வழி, வீட்டுக்குள்ளேயே பார்ப்பது. மகளோடு அதே வீட்டில் குடியிருக்கும் தம்பிக்கு வேலை இருந்தால், ஐ-864ஏ என்ற படிவத்தில் அவர் கையெழுத்துப் போட்டுத் தன் வருமானத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். அவரும் வீட்டு எண்ணிக்கையில் ஒரு தலையாகிவிடுவார் என்பதை மறக்க வேண்டாம். மூன்று நான்காகும், வரம்பு 40,187 ஆகும். தம்பி ஆண்டுக்கு பத்தாயிரத்துச் சொச்சம் கொண்டுவந்தால்தான் சேர்த்ததற்குப் பலன். மனைவியின் சம்பளத்தைச் சேர்ப்பதும் இதே படிவத்தில்தான்.

இரண்டாவது வழி சொத்து. பீரோவில் உள்ள கோப்பு இப்போதுதான் வெளியே வருகிறது. குறையும் தொகையைப் போல 5 மடங்கு மதிப்புள்ள சொத்தைக் காட்டினால் அந்தக் குறை அடைபட்டதாக எடுத்துக்கொள்வார்கள். குடிமகன் ஒருவர் தன் கணவன் அல்லது மனைவியை, அல்லது 18 வயது தாண்டிய பிள்ளையை அழைத்தால் 3 மடங்கே போதும். நம் மகளுக்கு 3,312 பெருக்கல் 5, அதாவது 16,560 டாலர். ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 15 லட்சம் ரூபாய். சொத்து மகளுடையதாக இருக்கலாம், வருகிற அம்மாவுடையதாகவும் இருக்கலாம். இந்தியாவில் இருந்தாலும் சேரும். இது நம் ஊர்க்காரர்கள் பலருக்குத் தெரியாத சலுகை. வருமானம் குறைவாக உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு நிஜமாகவே கை கொடுக்கக்கூடியது.

நிபந்தனை ஒன்று உண்டு. பெரிய சிரமமோ நஷ்டமோ இல்லாமல் ஓராண்டுக்குள் பணமாக்கக்கூடிய சொத்தாக இருக்க வேண்டும். அந்தப் பணத்தை நாட்டை விட்டு எடுத்துப் போக முடியும் என்பதும் தெரிய வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி இங்கே வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்பதால், 16,560 டாலருக்கு அதில் தடை இல்லை.

இந்த நிபந்தனையோடு சேலத்துச் சொத்துகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். வங்கி வைப்புத்தொகை, அஞ்சலக டெபாசிட், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் சுலபமானவை. மதிப்பு அந்தத் தாளிலேயே இருக்கும், உடைத்தால் பணம். வங்கிக் கணக்கைக் காட்டுவதானால் பன்னிரண்டு மாத வரவு செலவு கேட்பார்கள். கணக்கு எப்போது தொடங்கியது, கடந்த ஓராண்டில் மொத்தம் எவ்வளவு போடப்பட்டது, இப்போது இருப்பு எவ்வளவு என்று வங்கி எழுதித் தர வேண்டும். யாரிடமாவது கைமாற்றாக வாங்கி இரண்டு வாரம் கணக்கில் போட்டு வைத்து எடுக்கும் யோசனையைச் சிலர் சொல்லித் தருவார்கள். அந்தப் பன்னிரண்டு மாதத் தாளில் அது பளிச்சென்று தெரிந்துவிடும். அமெரிக்க அதிகாரியிடம் பொய்க் காகிதம் கொடுத்தவர் என்று பதிவாகிவிட்டால் பிறகு எந்த விசாவுக்கும் அது நிரந்தரத் தடையாகலாம். தயவுசெய்து அந்தப் பக்கமே போக வேண்டாம்.

வீடும் மனையும் அடுத்தது. சூரமங்கலத்து அம்மா பெயரில் தனிப் பட்டாவோடு ஒரு மனை இருக்கிறது, வில்லங்கம் இல்லை என்றால் அது நல்ல சொத்து. கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை, தமிழில் உள்ளவற்றுக்கு மொழிபெயர்ப்பாளர் சான்றுடன் ஆங்கில நகல் ஆகியவை வேண்டும். அடமானத்தில் இருந்தால் கடன் பாக்கியைக் கழித்த மீதிதான் மதிப்பு. வழிகாட்டி மதிப்புக்கும் சந்தை விலைக்கும் இடைவெளி பெரிதாக இருப்பதால் மதிப்பீட்டாளர் எந்த அடிப்படையில் தொகை போட்டார் என்பது அறிக்கையில் தெளிவாக இருக்கட்டும்.

இடறுவது எங்கே என்றால் பங்கு பிரிக்காத சொத்தில். அம்மாபேட்டையில் தாத்தா கட்டிய வீடு, அப்பாவுக்கும் மூன்று சித்தப்பாக்களுக்கும் பொது, கூட்டுப் பட்டா. மதிப்பு கோடியில் இருக்கலாம். ஆனால் அப்பாவின் கால் பங்கை ஓராண்டுக்குள் விற்றுப் பணமாக்க முடியும் என்று எந்த அதிகாரியை நம்ப வைப்பீர்கள்? பாகப்பிரிவினை பதிவாகாத வரை அது காகிதத்தில் பணமில்லை. ஏற்காட்டுத் தோட்டமும் பெரும்பாலும் இதே கதைதான். காபிச் செடி, அதன் மேல் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக், அதில் படரும் மிளகு என்று ஏக்கருக்கு ஏக்கர் மதிப்பு மாறும். உடன்பிறந்தவர்கள் பெயரில் சேர்ந்து இருக்கும், வாங்குபவர் கிடைக்கவும் நாளாகும். அரசு ஒப்படைப்பாகக் கொடுத்த நிபந்தனைப் பட்டா நிலமாக இருந்தால் நினைத்தபடி விற்கவே முடியாது. தோட்டமும் வைப்புத்தொகையும் இரண்டுமே இருக்கிற குடும்பம், தோட்டம் பத்து மடங்கு மதிப்புள்ளதாக இருந்தாலும் வைப்புத்தொகையைக் காட்டுவதே புத்திசாலித்தனம். தோட்டக்காரர்கள் கேட்கும் இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துவிடலாம். அமெரிக்காவில் குடியேறினால் தோட்டத்தை விற்றாக வேண்டும் என்று சட்டம் இல்லை. இங்கே வசிக்கும்போது வாங்கியதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். குடியேறிய பிறகு புதிதாக விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்க முடியாது, விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியருக்குத்தான் விற்கலாம், அவ்வளவுதான்.

மூன்றாவது வழி கூட்டுப் பொறுப்பாளர்

மேலே சொன்ன இரண்டும் கைகூடாவிட்டால், வேறொருவர் தனியாக இன்னொரு ஐ-864 போடலாம். அவர் உறவினராக இருக்க வேண்டும் என்பது கூட இல்லை. 18 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமகன் அல்லது கிரீன் கார்டு உள்ளவர், அமெரிக்காவில் வசிப்பவர், அவ்வளவு போதும். ஆனால் மகளின் 30,000த்தோடு அவருடைய சம்பளத்தைக் கூட்ட முடியாது. அவர் தன் வீட்டு ஆட்களையும் வருகிற அம்மாவையும் சேர்த்து எண்ணி, அந்த வரம்பைத் தன் வருமானத்தாலேயே தனியாகத் தாண்ட வேண்டும். கூட்டுப் பொறுப்பாளர் வந்துவிட்டார் என்பதற்காக மகள் படிவம் போடாமல் இருக்கவும் முடியாது. மனுப் போட்டவர், வருமானமே இல்லாவிட்டாலும், தன் ஐ-864ஐக் கொடுத்தே ஆக வேண்டும்.

"உன் ஃப்ரெண்டுகிட்ட ஒரு கையெழுத்துதானே, கேளேன்" என்று இங்கிருந்து பெற்றோர் சர்வசாதாரணமாகச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்க வேண்டும். கூட்டுறவு வங்கிக் கடனுக்கு ஜாமீன் போட்டுப் பழக்கப்பட்டவர்களுக்கு இதன் கனம் புரியும், ஆனால் அந்தக் கடனுக்காவது ஒரு தொகையும் தவணை முடியும் தேதியும் உண்டு. ஐ-864க்கு இரண்டும் கிடையாது. வந்தவர் அமெரிக்கக் குடியுரிமை பெற வேண்டும், அல்லது அங்கே 40 காலாண்டு (ஏறத்தாழ 10 ஆண்டு) வேலைக் கணக்கு சேர வேண்டும், அல்லது கிரீன் கார்டை விட்டுவிட்டு நாட்டை விட்டு நிரந்தரமாகக் கிளம்ப வேண்டும், அல்லது இறக்க வேண்டும். கையெழுத்துப் போட்டவர் இறந்தாலும் பொறுப்பு முடியும். அதுவரை அது உயிரோடு இருக்கும்.

வயதான பெற்றோருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 65 வயதில் போகும் அப்பா வேலைக்குப் போகப் போவதில்லை, 40 காலாண்டு சேராது. குடியுரிமைக்கு 5 ஆண்டு கழித்து விண்ணப்பிக்கலாம், ஆனால் ஆங்கிலத் தேர்வு உண்டு. 55 வயது தாண்டியவருக்கு ஆங்கில விலக்கு கிடைக்க, கிரீன் கார்டோடு 15 ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும். 50 தாண்டியவர் என்றால் 20 ஆண்டு. அதன் பிறகுதான் மொழிபெயர்ப்பாளரை வைத்துக் குடிமைத் தேர்வுக்குத் தமிழில் பதில் சொல்ல முடியும். மருத்துவக் காரணங்களுக்குத் தனி விலக்கு இருந்தாலும், ஆங்கிலம் தெரியாத அப்பாவுக்காக இன்று கையெழுத்துப் போடும் நண்பர் அவருக்கு 80 வயதாகும் வரை கட்டுப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. அதற்குள் அந்த நண்பருக்கே தன் மாமனார் மாமியாரை அழைக்க வேண்டி வரலாம், அப்போது உங்கள் அப்பா அவர் வீட்டு எண்ணிக்கையில் ஒரு தலையாக நிற்பார்.

இந்தக் காரணத்தால்தான் நண்பரைக் கேட்பதற்கு முன் சொத்து வழியைக் கடைசிவரை பார்த்துவிடுங்கள் என்று சொல்கிறேன். பெற்றோரிடம் 15 லட்சம் வைப்புத்தொகை இருக்கும்போது, அதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு அடுத்தவர் தலையில் பத்துப் பதினைந்து வருடப் பொறுப்பை ஏற்றுவது நியாயமில்லை. கேட்டே ஆக வேண்டிய நிலை என்றால் நண்பரிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கேளுங்கள். பெற்றோருக்கு மருத்துவக் காப்பீட்டுக்கு என்ன ஏற்பாடு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அவர் பயப்படுவது பெரும்பாலும் அதற்குத்தான். 65 வயது நிரம்பிய கிரீன் கார்டுதாரர் 5 ஆண்டு தொடர்ந்து வசித்த பிறகு முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் பணம் கட்டிச் சேரலாம். மெடிகேர் ஏழைகளுக்கான உதவியாகக் கருதப்படுவதில்லை, அதனால் யாரிடமும் திரும்பக் கேட்க மாட்டார்கள். மெடிக்கெய்ட் (ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவி), உணவு உதவி, எஸ்எஸ்ஐ (ஏழை முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கான மாத உதவித்தொகை) போன்றவைதான் பொறுப்பாளர் பக்கம் திரும்பக்கூடியவை. முதல் 5 ஆண்டுக்குத் தனியார் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும், அதன் செலவை இப்போதே விசாரித்து வைக்கவும்.

பெண்ணை அமெரிக்க மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுக்கும் பெற்றோருக்கு இதே விதி வேறு முகம் காட்டும். கணவர் குடிமகனாகவோ கிரீன் கார்டுதாரராகவோ இருந்து, மனைவியைக் குடும்ப வழியில் அழைத்திருந்தால் அவரும் இந்த ஐ-864இல் கையெழுத்துப் போட்டிருப்பார். விவாகரத்து இந்தப் பொறுப்பை முடித்துவைப்பதில்லை. வறுமை வரம்பின் 125 சதவீத அளவுக்குப் பராமரிப்புக் கேட்டு மனைவியே நேரடியாக வழக்குப் போடலாம். அப்படிப் போட்டவர்களுக்கு அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தீர்ப்பும் கொடுத்திருக்கின்றன. எச்-1பி கணவரோடு எச்-4 விசாவில் போகும் பெண்ணுக்கு இது பொருந்தாது, அங்கே இந்தப் படிவமே இல்லை. பொருந்துகிற பெண்கள் கையெழுத்தான படிவத்தின் நகல் ஒன்றை நகைப் பெட்டியில் வைக்கிற அக்கறையோடு வைத்திருக்க வேண்டும். அம்மாவிடம் ஒரு நகல் இருப்பது இன்னும் நல்லது.

சேலத்துக்கே திரும்பி வந்துவிட்ட அமெரிக்கக் குடிமக்களும் இருக்கிறார்கள். குழந்தைகள் தாத்தா பாட்டியோடு வளரட்டும் என்று வந்து சில ஆண்டுகள் ஆகியிருக்கும். அவர் தன் மனைவிக்கு மனுப் போடும்போது வருமானம் இருந்தும் சிக்கல் வரும், ஏனென்றால் பொறுப்பாளரின் நிலையான வீடு அமெரிக்காவில் இருக்க வேண்டும். திரும்பிப் போகிறோம் என்பதற்கு அங்கே வேலைக்கான ஏற்பாடு, வாடகை ஒப்பந்தம், குழந்தைகளின் பள்ளிச் சேர்க்கை, வங்கிக் கணக்கு போன்றவற்றைக் காட்ட வேண்டியிருக்கும். மனைவிக்கு முன்பே, அல்லது மனைவியோடு சேர்ந்தாவது கிளம்புவதாக இருக்க வேண்டும். இங்கே வாங்கும் சம்பளம் அங்கே தொடராது என்றால் வருமானத்துக்கும் வேறு வழி பார்க்க வேண்டும்.

மற்ற நாடுகளைப் பற்றியும் கேட்பார்கள். கனடாவில் பெற்றோரை அழைக்கத் தொடர்ந்து மூன்று வரியாண்டு வருமானம் வரம்பைத் தாண்டியிருக்க வேண்டும், கியூபெக் நீங்கலாகப் பொறுப்பு 20 ஆண்டு. கணவன் மனைவிக்குப் பெரும்பாலும் குறைந்தபட்ச வருமான வரம்பே இல்லை, பொறுப்பும் 3 ஆண்டுதான். பிரிட்டனில் துணையை அழைக்க 2024 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 29,000 பவுண்டு. ஒரு நாட்டின் கணக்கை இன்னொரு நாட்டுக்குப் போட வேண்டாம்.

இனி காகிதம் போகும் பாதை. ஐ-130 ஏற்கப்பட்டதும் கோப்பு தேசிய விசா மையத்துக்குப் போகும். அங்கே ஐ-864ஐப் பரிசீலிக்க 120 டாலர், ஒவ்வொருவரின் விசா விண்ணப்பத்துக்கும் 325 டாலர் கட்டணம். எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்ற வேண்டும். பொறுப்பாளர் குடிமகன் அல்லது கிரீன் கார்டுதாரர் என்பதற்கான சான்று, வரிக் கணக்கு, டபிள்யூ-2 (வேலை தரும் நிறுவனம் கொடுக்கும் ஆண்டுச் சம்பளச் சான்று), சம்பளச் சீட்டு, வேலைக் கடிதம், கூட்டுப் பொறுப்பாளர் இருந்தால் அவருடையதும் இதே வரிசையில். கணவன் மனைவி சேர்ந்து வரிக் கணக்குப் போட்டு, ஒருவரின் வருமானத்தை மட்டும் காட்டுவதாக இருந்தால் டபிள்யூ-2 கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் யாருடையது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. படிவத்தின் புதிய பதிப்புதானா என்று கீழே அச்சிட்ட தேதியைப் பாருங்கள். கையெழுத்துப் போட மறந்த படிவங்கள் திரும்பி வருவது மிகச் சாதாரணம். கையெழுத்திட்டவர் வீடு மாறினால் 30 நாளுக்குள் ஐ-865 படிவத்தில் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும்.

நேர்காணல் பெரும்பாலும் மும்பையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில். போகும் பெற்றோர் மகனின் ஐ-864 நகல், சமீபத்திய சம்பளச் சீட்டு, சொத்துக் காட்டியிருந்தால் அதன் மூலப் பத்திரங்கள் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும். மகன் என்ன வேலை பார்க்கிறார், வீட்டில் யார் யார் என்று கேட்டால் படிவத்தில் உள்ளதையே சொல்லும்படி இருவரும் ஒருமுறை அதைப் படித்துப் பார்த்துவிட்டுப் போகட்டும். வருமானம் போதவில்லை என்று அதிகாரி நினைத்தால் 221ஜி என்ற பிரிவைக் குறித்து ஒரு தாள் கொடுப்பார். அதைப் பார்த்து விசா போய்விட்டது என்று கலங்க வேண்டாம். கூட்டுப் பொறுப்பாளரின் ஐ-864ஓ கூடுதல் சொத்துச் சான்றோ கொண்டுவந்து கொடுத்தால் கோப்பு மறுபடி நகரும். ஓராண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். அந்த ஓராண்டு தாண்டிவிட்டால் மறுபடி கட்டணம் கட்டிப் புதிதாக விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.